தோலுக்குச் சீட்டு எழுதும் நாளிலேயே கண்ணுக்கும் எழுதுங்கள்

தமிழகத்து அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், அந்தப் பிரிவுகளுக்கு விதிமுறை எழுதி அனுப்பும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே தோல் கோளாறோடு ஒரு குழந்தை உங்களிடம் வந்தால், தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதும் அதே நாளில் கண் டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். குழந்தை வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த கண் பரிசோதனைக்கு ஒரு தேதி போட்டுக் கொடுங்கள். அவ்வளவுதான். இதற்குப் புதுக் கட்டடமோ புது மெஷினோ வேண்டியதில்லை.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. லாமெல்லர் இக்தியோசிஸ், தோல் மீன் செதில் மாதிரி காய்ந்து இறுகும் பிறவி நோய். பிறக்கும்போது கொலோடியன் பேபி. உங்களில் பலர் இதைப் பாடப் புத்தகத்துப் படமாகத்தான் பார்த்திருப்பீர்கள், ஒரு சிலர் நேரில். உடம்பு முழுக்க இறுக்கமாக, பளபளவென்று ஒரு சவ்வு சுற்றியிருக்கும், அது இழுக்கிற இழுப்பில் உதடு பிதுங்கி, கண் இமை வெளிப்பக்கமாகப் புரண்டு, இமையின் உள்பக்கத்துச் சிவப்புச் சதை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள்ளே விழி இருக்கிறதா இல்லையா என்றே பெற்றவளுக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் ‘பிளாஸ்டிக் குழந்தை’ என்று தலைப்புப் போடுவார்கள். ஊரில் எங்களுக்குக் கிடைத்தது நாக தோஷம், எந்தப் பாம்பை யார் அடித்தது என்று மூணு தலைமுறைக்கு விசாரணை நடந்தது.

என் மகள் பிறந்த மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அவள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஈரப்பதம் வைத்த இன்குபேட்டரில் வைத்தார்கள், உப்பு ஏறிவிடாமல் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள், கிருமி தொற்றாமல் பார்த்தார்கள், கண்ட களிம்பையும் தடவவிடவில்லை, இந்தத் தோல் வழியாக எந்த மருந்தும் உடம்புக்குள் மளமளவென்று இறங்கிவிடும் என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். எல்லாம் சரி. கண்ணைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம்தான் சொன்னார்கள். “சவ்வு உரிஞ்சதும் கண்ணு தானா சரியாயிடும்மா.”

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அது பொய் இல்லை. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. சவ்வு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் உரிகிறது. உரிந்ததும் பல குழந்தைகளுக்கு இமை உள்ளே திரும்பி வருகிறது. கொலோடியன் சவ்வோடு பிறப்பவர்களில் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குத் தோலே ஏறக்குறைய இயல்பாகிவிடுவதும் உண்டு. ஆனால் மிச்சப் பேரில் பெரும்பாலோருக்குச் சவ்வுக்கு அடியிலிருந்து வெளியே வருவது இக்தியோசிஸ், அதுவும் காய்ந்து இறுகுகிற தோல்தான், அதுவும் இமையை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் போகும் என்று மூன்றாம் நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்ல முடியாத ஒன்றை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது இல்லையா?

எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்னும் வைத்திருக்கிறேன். எடை இருக்கிறது, தாய்ப்பால் எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பது இருக்கிறது, தடுப்பூசித் தேதி இருக்கிறது, தோல் ஓ.பி.க்கு என்றைக்கு வர வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டே இருக்கிறது. கண் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அரைக்கண் மூடித்தான் தூங்குவாள். கருவிழி மேலே ஏறிக்கொள்ளும், கீழே வெள்ளை மட்டும் ஒரு கீற்றாகத் தெரியும். பார்க்க வந்த ஒரு பாட்டி, மீன் கண்ணை மூடியா தூங்குது, இது மீன்தோல் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார். எங்களுக்கும் அப்போது வேறு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தூக்கத்தில் இமை மூடாவிட்டால் கருவிழியின் கீழ்ப்பகுதி விடிய விடியக் காற்றில் காய்கிறது, காய்ந்த இடத்தில் கீறல் விழுகிறது, கீறல் வழியாகக் கிருமி போகிறது, புண் ஆகிறது, புண் ஆறினால் அந்த இடம் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடுகிறது, ஆறாவிட்டால் கருவிழியே ஓட்டையாகிப் போகக்கூடும். இவ்வளவும் நடக்க வருஷக்கணக்கு ஆகாது, கைக்குழந்தையிலேயே நடந்து முடிந்துவிடும்.

வலது கண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கண் டாக்டர் ஒரு காகிதத் துண்டை நனைத்து அவள் கண்ணில் தொட்டார், கண்ணீர் முழுக்க ஆரஞ்சு நிறமாகி வழிந்தது. அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். இரண்டு கருவிழியிலும் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ஒரு பச்சை ஒளிர்ந்தது. இடது கண்ணில் மெல்லிசாக. வலதில் அழுத்தமாக, நடுவரை ஏறி. பச்சையாகத் தெரிவதெல்லாம் மேல்தோல் போன இடம் என்றார். அந்தக் காகிதத் துண்டு விலை மலிவானது, எந்தக் கண் பிரிவிலும் கிடைப்பது, பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பிறந்த வாரத்திலிருந்து அந்த மதுரைப் பயணம் வரை அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இடது கண் பிழைத்துக்கொண்டது. வலதில் தழும்பு. தழும்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, முதல் சில மாதங்களில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, பெரியவர்களுக்கு வரும் புண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதனால் இப்போது நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்து வலது கண்ணை வேலை வாங்குகிறோம். மற்ற குழந்தைகளுக்கு ஒட்டுகிற பேட்ச் இவளுக்கு ஆகாது, பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. கண்ணாடியின் ஒரு பக்கத்துக்கு என் அம்மா துணியில் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார், அதில் ஒரு மயில் வேறு. மயில் பக்கம் வேண்டாம் என்று தினமும் சண்டை.

தடுக்க என்ன செலவாகியிருக்கும்? கண் டாக்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், எந்தத் தாய்க்கும் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். பகலில் அடிக்கடி கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்து, அதுவும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகை, ஏனென்றால் ஒரு நாளைக்குப் பல தடவை விடும்போது அந்த ரசாயனமே கருவிழியை அரிக்கும். ராத்திரிக்குக் கெட்டியான கண் களிம்பு. தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றி வாசலின் தடவி, அதன்மேல் சமையலறையில் சாப்பாட்டை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சின்னதாக வெட்டி, மூக்கு வாய்ப் பக்கம் போகாமல் படியவைப்பது, உள்ளே ஈரம் நிற்கும். இந்தக் கடைசி வேலையை டாக்டர் செய்து காட்டிய பிறகுதான் செய்ய வேண்டும், குழந்தையின் முகத்தருகே பிளாஸ்டிக் என்பது விளையாட்டில்லை. பஞ்சையோ காஸ் துணியையோ நேராகக் கண்மேல் வைக்கக் கூடாது, இமை மூடாத கண்ணில் அது கருவிழியையே உரசும். முகத்துத் தோலுக்கும் நாள் முழுக்க எண்ணெய்ப் பசை வேண்டும், கன்னத்துத் தோல் இளகினால்தான் கீழிமையை இழுக்காது. கண்ணையும் தோலையும் வேறு வேறு டாக்டர்கள் பார்க்கலாம், இழுப்பது என்னவோ ஒரே தோல்தான்.

முற்றிய பிறகு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. அசிட்ரெட்டின் மாத்திரையில் இமை இளகிய குழந்தைகள் உண்டு, ஆனால் அது ஈரலையும் எலும்பையும் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. இமையில் தோல் ஒட்டும் ஆபரேஷனும் உண்டு. ஆனால் ஒட்டுவதற்கு உடம்பில் எங்கிருந்து எடுத்தாலும் அதுவும் அதே இக்தியோசிஸ் தோல்தானே, மறுபடியும் இழுத்துக்கொள்ளலாம். ராத்திரிக் களிம்பு எவ்வளவு மலிவு என்று அதைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சிஸ்டர்களே, உங்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார், குழந்தை தூங்கும்போது கண் மூடுகிறதா என்று பார்க்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். ராத்திரி டியூட்டியில் ஒரு டார்ச் வெளிச்சத்தில் ஒரே ஒரு பார்வை, இமை எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறது என்று சார்ட்டில் ஒரு வரி. திறந்த வார்மரின் அனலில் தோல் காய்வது போலவே மூடாத கண்ணும் காயும், இன்குபேட்டர் இருந்தால் அதையே கேளுங்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்கும்போது போடும் கண் உறை, புரண்ட இமைமேல் உரசும். அதைக் கண் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். இன்னொன்று, சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் குழந்தையைப் பார்க்க வேறு வார்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், அந்தப் படம் சுற்றிச் சுற்றி எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப்புக்கே வந்தது. படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் பெற்றவர்களிடம் கேட்டுவிட்டு, தூங்கும் குழந்தையின் கண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்து மாவட்டக் கண் டாக்டருக்கு அனுப்புங்கள். அந்த ஒரு படத்துக்குப் பயன் உண்டு.

இப்போது அதிகாரிகளுக்கு. ‘இது லட்சத்தில் ஒன்று, இதற்கெல்லாம் தனி விதிமுறையா’ என்று கேட்பீர்கள். உலகக் கணக்கில் இந்த வகை இக்தியோசிஸ் சுமார் 2 லட்சம் பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு முதல் ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன, அப்படிப் பார்த்தால் நாலைந்து. ஆனால் இது அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் ஒரே கோளாறான மரபணு வந்தால் மட்டும் தோன்றும் நோய், சொந்தத்தில் திருமணம் அதிகமுள்ள இடத்தில் அதிகமாக வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான். ஆக நம் எண்ணிக்கை உலகக் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். அப்படியே குறைவு என்று வைத்துக்கொண்டாலும், குறைவு என்பதுதான் விதிமுறை வேண்டும் என்பதற்கே காரணம். தினமும் பார்க்கும் நோய்க்கு எழுதிவைத்த தாள் எதற்கு, கை தானாகப் பழகிவிடும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் குழந்தைக்கு எந்த டாக்டரின் ஞாபகத்தை நம்புவது? சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால்தான் உண்டு.

இதை நீங்கள் செய்ய முடியாதவர்கள் இல்லை, ஏற்கெனவே செய்து காட்டியவர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு, 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆர்.ஓ.பி. ஸ்கிரீனிங், அதாவது குறைமாதக் குழந்தையின் விழித்திரைப் பரிசோதனை, என்றால் இன்று இன்குபேட்டர் பக்கத்தில் நிற்கும் பாட்டிக்குக்கூடத் தெரியும். அதே பட்டியலின் அடியில் ‘பிறவித் தோல் கோளாறு’ என்று ஒரு வரி சேருங்கள். வேலை அதோடு முடிகிறது.

அந்த ஒரு வரி இக்தியோசிஸ் குழந்தைகளுக்கு மட்டும் பயன்படப்போவதில்லை. கண் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து மற்ற தாய்மார்களிடமும் டாக்டர்களிடமும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இன்கான்டினென்ஷியா பிக்மென்டை என்று ஒரு நோய், அநேகமாகப் பெண் குழந்தைகளுக்கு, பிறந்த சில வாரங்களில் கை கால் உடம்பில் கோடு கோடாக, சுழி சுழியாகக் கொப்புளம். பார்ப்பவர்கள் தொற்று என்றோ அம்மை என்றோ நினைத்து ஆன்டிபயாட்டிக் போடுவார்கள், கொப்புளம் தானாக ஆறும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் கண்ணிலும் பாதிப்பு உண்டு, அதிலே மோசமானது விழித்திரை ரத்தக்குழாய் அடைபடுவது, அது முதல் மாதங்களிலேயே விழித்திரையைப் பிய்த்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது. கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும், நேரத்துக்குப் பார்த்தால் லேசரில் காப்பாற்றிவிடலாம். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பார்க்க உங்கள் பிரிவுக்கு வருகிறாரே, அதே டாக்டர், அதே கருவி, அதே லேசர்! அவர் நாலு தொட்டில் தள்ளி நிற்கும்போது இந்தக் குழந்தையைக் காட்டச் சொல்லி ஒரு தாளில் எழுதியிருக்காவிட்டால் யார் காட்டுவார்கள்? ஒரு தடவை பார்த்தாலும் போதாது, முதல் வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அம்மாவின் காலில் வெளிறிய கோடு இருக்கிறதா, பல் கூம்பாகவோ குறைவாகவோ இருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் நோயின் விடை தாயின் உடம்பிலேயே இருக்கும்.

அப்புறம் நெற்றியிலும் மேல் இமையிலும் ஒயின் நிறத்தில் படர்ந்த மச்சத்தோடு பிறக்கும் குழந்தைகள். மச்சத்தோடு மூளையையும் கண்ணையும் பாதிக்கும் ஸ்டர்ஜ் வெபர் நோய் என்றால் மூளைக்கு ஸ்கேன் எடுக்க நினைக்கிறீர்கள், நல்லது. அந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு க்ளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் வரும், அதில் பலருக்கு முதல் வருஷத்திலேயே. கைக்குழந்தையின் கண் இளசு, உள்ளே அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகும். நம் ஊரில் பெரிய கண் என்றால் என்ன சொல்வோம்? ‘என்ன அழகான கண்ணு’ என்று திருஷ்டி கழிப்போம். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்புகிறதா, நீர் கொட்டுகிறதா, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதா என்று பார்க்கச் சொல்லித் தாய்க்கு யாராவது சொல்ல வேண்டும். இந்த மச்சம் கிரகணத்தால் வந்ததல்ல, அப்பா அம்மாவிடமிருந்து வந்ததும் அல்ல, கருவில் வளரும்போது ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த மாற்றம் என்று 2013-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பெண் வீட்டில் கொஞ்சம் நிம்மதியாகச் சோறு சாப்பிடுவாள்.

தொட்டாலே கொப்புளம் போடும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவில் கருவிழியும் உரியும், கண் திறக்க முடியாமல் நாள் முழுக்கக் கிடக்கும் குழந்தைகள் உண்டு. அல்பினிசத்தில் கண் ஆடும், பார்வை குறைவாக இருக்கும், கூசும். செதில் தோலோடு காதும் கேட்காமல், கருவிழியும் மங்குகிற ஒரு வகைகூட உண்டு, அதற்குக் காதையும் சோதிக்க வேண்டும். தோலும் கண்ணின் மேற்பரப்பும் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாவதாக டாக்டர் சொன்னார், அப்புறம் சேர்ந்து பாதிக்கப்படுவதில் என்ன ஆச்சரியம்.

குழந்தைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. 2013-ல் வந்தது, நல்ல திட்டம், அங்கன்வாடிக்கே டாக்டர் வருகிறார். அதில் பிறவிக் குறைபாடு என்று ஒன்பது இருக்கிறது. பிறவிக் கண்புரை இருக்கிறது, ஆர்.ஓ.பி. இருக்கிறது, பிளந்த உதடு இருக்கிறது, பிறவித் தோல் நோய் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, அதிலும் இக்தியோசிஸ் இல்லை, பார்வைக் குறைவு இருக்கிறது. அதாவது என் மகளுக்குக் கண் நன்றாக இருக்கும்வரை உங்கள் எந்தப் பட்டியலிலும் அவள் கிடையாது, கண் போனால் அட்டை கிடைக்கும். இதை எழுதியவர்களுக்கு இது தோன்றவே இல்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். சொட்டு மருந்தையும் கண் களிம்பையும் மாவட்ட மருத்துவமனை மருந்தகத்தில் இந்தக் குழந்தைகளுக்கு மாதாமாதம் தடங்கலின்றித் தருவது உங்கள் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால் நடப்பது என்ன தெரியுமா? மெடிக்கல் ஷாப்பில் ‘கண்ணு சிவப்புக்கு’ என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுகிறார்கள், அதுவே கண் அழுத்தத்தை ஏற்றும். அல்லது விளக்கெண்ணெய்.

சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஓ.பி.யில் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். மரபணு ஆலோசனை வேண்டும், கட்டாயம் வேண்டும், அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று எங்களிடம் தெளிவாகச் சொன்ன டாக்டரை நான் மறக்கமாட்டேன், கதவைச் சாத்திவிட்டு, கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அந்தக் கோளாறில் பாதி என் கணவர் பக்கத்திலிருந்தும் வந்தது என்று என் மாமியார் காதுபடச் சொன்னதும் அந்த டாக்டர்தான்.

கடைசியாக, தேதிகள். தோல் ஓ.பி. ஒரு நாள், கண் ஓ.பி. இன்னொரு நாள், குழந்தைகள் ஓ.பி. வேறொரு நாள் என்று இருக்கிறது. தினக்கூலிக்குப் போகும் அப்பா மூன்று நாள் சம்பளத்தை விட வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், வெயிலில் இந்தக் குழந்தைகளுக்கு வியர்க்காது, உடம்பு கொதிக்கும். அப்போது எதை விடுவார்கள்? தோல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அதனால் தோலுக்கு வந்துவிடுவார்கள். கண்ணை விட்டுவிடுவார்கள். டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எல்லா மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்பது உங்கள் திட்டமேதான். மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, தோல் டாக்டரையும் கண் டாக்டரையும் ஒரே காலையில் அங்கே உட்காரவையுங்கள், அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுங்கள், கிராம சுகாதார செவிலியரின் போனுக்கும் அனுப்புங்கள். வராத குழந்தையின் வீட்டுக்கு அவர் எப்படியும் போய்விடுவார், தடுப்பூசிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்